யோபுக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது, நமக்கு?

ஒரு வாசகரின் கேள்வி, 30 நவம்பர் 2024

ஒக்கி புயல் அடித்து இன்றோடு ஏழு வருடம். சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பலி, அப்புறம் கடற்கரையில் மெழுகுதிரி. என் அண்ணன் போன போட்டிலிருந்து ஒருவர் கூடத் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பிரசங்கத்தில் வேதாகமத்தில் வரும் யோபுவின் கதை. "எல்லாம் போனாலும் பொறுமையாக இருந்தார், கடைசியில் இரட்டிப்பாகப் பெற்றுக்கொண்டார்." என் பக்கத்தில் அண்ணி நின்றாள். ஒரு வருடம் அண்ணன் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தவள். நடுவில் விட்டுப்போய், மறுபடி கூப்பிட்டபோது யாரோ ஒருவர் எடுத்து இந்தியில் பேசினார். அவளுக்கு எதை இரட்டிப்பாகக் கொடுப்பார்கள்?

துன்பத்தில் நம்பிக்கை தருகிறது கிறிஸ்தவம் என்று சொல்கிறவர்கள் யாராவது வசனம் போடாமல் பதில் சொல்லுங்கள். வசனம் எனக்கும் தெரியும்.

1 டிசம்பர் 2024, மத்தியானம்

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். வசனம் போடாமல் முடிகிறதா பார்ப்போம் தம்பி.

நான் புதுக்கடைப் பக்கம். வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ்., மீன் பார்க்கிற எக்கோ சவுண்டர் இதெல்லாம் பழுது பார்க்கிற கடை. சி.எஸ்.ஐ. சபை, புராட்டஸ்டண்டு. வீட்டுக்காரி ஆர்.சி., அதாவது கத்தோலிக்கம், முளகுமூட்டுக்காரி. கடலுக்குப் போகிற சாதியில்லை, ஆனால் என் சோறு கடலில் இருந்துதான்.

2017 நவம்பர் 29 ராத்திரி காற்று தொடங்கியது. விடியும்போது வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நடுவில் ஒடிந்து கிடந்தன, ரோடு முழுக்க மரம், கரண்டு கிடையாது. உச்சிக்கு முன்பே கடை வாசலில் ஆட்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று எட்டு ஊர்ப் போட்டுகளும் சுறாவுக்கு ஆழ்கடலில் கிடக்கிறவை. போட்டில் இருக்கும் வி.எச்.எஃப். செட்டோ கரையிலிருந்து இருபது முப்பது கடல் மைல் தாண்டினால் கேட்காது. எனக்குத் தெரியும், வாசலில் நின்ற பாதிப் பேருக்கும் தெரியும். ஆனாலும் லாரி பேட்டரி ஒன்றில் செட்டை மாட்டி, பதினாறாம் சேனலில் போட்டுப் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டியபோது ஒரு பெரியம்மா கட்டஞ்சாயாவைக் கையில் தந்து, "இன்னொருக்கா கூப்பிடு மக்களே" என்றார்.

அன்றைக்கு நான் ஜெபிக்கவில்லை. கூப்பிட்டேன், அவ்வளவுதான். பதில் வராது என்று தெரிந்தும் கூப்பிடுவதுதான் நம்பிக்கை.

1 டிசம்பர், ராத்திரி

மேலே எழுதியதன் கடைசி வரியை இப்போது வாசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் ஒக்கி கழிந்த சில வாரத்தில் ஒரு கூட்டத்தில் ஒருவர் இதையேதான் பேசினார். ஜெபம் வயர்லெஸ்ஸைப் போல, சேனலைச் சரியாக வைத்தால் பதில் வரும் என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சேனல் சரியாகத்தான் வைத்திருந்தேன் ஐயா. அந்தப் பெரியம்மாவின் மகனும் வரவில்லை. அப்படிக் கோபப்பட்டவன் இன்றைக்கு அதே ஒப்புமையைக் கொஞ்சம் மெருகு போட்டு எழுதியிருக்கிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

3 டிசம்பர்

கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கே லீவு. கடையில் ஈ ஓட்டிக்கொண்டு யோபுவைத் திறந்து கணக்குப் பார்த்தேன். வசனம் போடவில்லை, கணக்குத்தான் போடுகிறேன்.

ஆடு முதலில் 7,000, கடைசியில் 14,000. ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆனது. ஏர்மாடு 500 ஜோடி 1,000 ஜோடியானது, கழுதையும் அப்படியே. சரி, இரட்டிப்பு. பிள்ளைகள்? முதலில் ஏழு ஆண், மூன்று பெண். கடைசியிலும் ஏழு ஆண், மூன்று பெண். பிள்ளைகள் இரட்டிப்பாகவில்லை தம்பி. செத்த பத்துப் பேரும் கடவுளிடத்தில் உயிரோடு இருப்பதால் அவர்களையும் சேர்த்து எண்ணிக்கொள்ளவேண்டும் என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் தொண்டையில் இறங்குகிறது. இன்னொரு விதமாகவும் படிக்கலாம்: மாட்டுக்கு மாடு ஈடு கட்டலாம், பிள்ளைக்குப் பிள்ளை ஈடு கட்ட முடியாது என்று அந்தக் கதையை எழுதினவருக்கே தெரிந்திருக்கிறது.

யோபுவின் மனைவியைப் பற்றி முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் வருகிறது, அதுவும் திட்டு வாங்குவதற்கு. பத்துப் பெற்றுப் பத்தையும் புதைத்தவள். கடைசி அதிகாரத்தில் அவளைக் காணோம். உங்கள் அண்ணியைக் கோயிலில் பார்க்காமலேயே பிரசங்கம் செய்தார்களே, அதற்கு முன்மாதிரி ரொம்பப் பழையதுதான்.

5 டிசம்பர்

"யோபு கட்டுக்கதை, நம் ஊர்க் கதை ஏதாவது சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யோபுவின் கதையே நம் ஊர்க் கதைதான்.

தக்கலை தாண்டிப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சல் சண்டையில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பழக்கிக் கொடுத்தார். அவர் கல்லறை இப்போதும் கோட்டைக்குள் இருக்கிறது, காதல் ஜோடிகளுக்கு நடுவில் தேடிப் பிடிக்கவேண்டும். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை ராஜா வேலையில் இருந்தவர். மாடு செத்து, விளைச்சல் போய், அடிமேல் அடி விழுந்து முகம் இருண்டு கிடந்தவரிடம் டிலனாய் சொன்ன கதை யோபுவின் கதை. சொந்த நாட்டுக்கு இனி போகமுடியாத ஒருவர், வாழ்ந்துகெட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் சொன்னது. நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். லாசர் என்ற பெயரின் தமிழ் அது.

அப்புறம் இரட்டிப்பாகக் கிடைத்ததா? கிடைத்தது விலங்கு. எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்தார்கள், அடித்தார்கள், காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு கோயிலில் அடக்கம். புனிதர் பட்டம் 2022 மே 15-ல். இரட்டிப்பு என்று அதைச் சொல்வதானால் 270 வருடம் காத்திருக்கவேண்டும்.

என் யோசனை இதுதான். அவர் அந்தக் கதையில் கடைசி அதிகாரத்துக்காக மயங்கியிருந்தால் முதல் அடியிலேயே திரும்பியிருப்பார். நடுவில் உள்ள ஏதோ ஒன்றுதான் அவரைப் பிடித்திருக்கவேண்டும். கெட்ட காலம் வந்தவன் கெட்டவன் என்று நண்பர்கள் மூன்று பேரும் மாறி மாறி நிரூபிக்கப் பார்க்கிறார்கள், யோபு கடைசிவரை ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார். கடவுளும் முடிவில் அந்த நண்பர்கள்மேல்தான் கோபப்படுகிறார். மாடு செத்ததுக்குத் தெய்வக் குற்றம், தோஷம் என்று காரணம் சொல்லிக் கேட்டிருந்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

9 டிசம்பர்

வசனம் இல்லாமல் பதில் சொல்வதென்றால் சொந்த அனுபவத்தைத்தான் சொல்லவேண்டும். நான் யோபு கதையையும் புனிதர் கதையையும் சொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். மகளிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா, பேரு மட்டும் போடாதீங்க" என்றாள்.

அவளுக்குப் பதினொரு வயதில் முதல் வலிப்பு. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்றவள் கட்டை சாய்ந்த மாதிரி விழுந்தாள். எங்கள் ஊரில் அதற்கு வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் உங்களுக்குத் தெரியும், எழுத மனசில்லை. பழைய தமிழ் வேதாகமத்தில் சந்திரரோகி என்று ஒரு வார்த்தை வரும், "அடிக்கடி தீயிலும், அடிக்கடி ஜலத்திலும் விழுகிறான்" என்று ஒரு தகப்பன் சொல்வான். சின்ன வயதில் அதை ஏதோ பேய்க்கதை மாதிரி வாசித்தவன் நான். அவள் அடுப்பங்கரையில் விழுந்து முழங்கை வெந்தபோதுதான் அந்த ஆள் எதைச் சொன்னான் என்று புரிந்தது. (வசனம் போட்டுவிட்டேன். மன்னிக்கவும். இது மட்டும்.)

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை தொடங்கினோம். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மாத்திரை தின்றால் வகுப்பில் தூக்கம். அப்போதுதான் ஒரு ஜெப வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கையை வைத்து ஜெபித்தார்கள், மகள் அழுதாள், நானும் அழுதேன், ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசானது. அது பொய் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். நாலாவது வாரம், "சுகமாயிற்று. இனியும் மாத்திரை கொடுத்தால் அது அவிசுவாசம்" என்றார்கள். நிறுத்தினோம்.

இரண்டு நாள் நன்றாக இருந்தாள். சந்தோஷத்தில் ஏத்தன்பழம் வாங்கிப் பழம்பொரி சுட்டோம். மூன்றாம் நாள் விடியற்காலை தொடங்கியது நிற்கவே இல்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது. ஆட்டோவில் அவள் தலை என் மடியில், உதடு நீலம். ஐ.சி.யூ.வில் இரண்டு நாள். டாக்டர் திட்டவில்லை. "எத்தனை நாளாக மருந்து இல்லை" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

அந்த வராந்தாவில் எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. யாரோ விட்டுப்போன ஒரு வேதப்புத்தகம் ஜன்னலில் இருந்தது. திறந்த இடத்தில் சங்கீதம் 88. மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் பெரும்பாலும் எங்காவது ஓர் இடத்தில் விடிந்துவிடும், ஆனாலும் உம்மைத் துதிப்பேன் என்று ஒரு திருப்பம் இருக்கும். இதில் கிடையாது. ராத்திரியும் பகலும் கூப்பிட்டேன் என்று தொடங்கி, ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. ஒரு ஆறுதலும் இல்லாத அந்த ஒரு பக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தோன்றுவது: இந்த முறையீட்டை வேதத்திலிருந்து எடுத்துப்போடாமல் இத்தனை நூற்றாண்டாகப் பாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆக, என்னை மாதிரி ஒருவனும் அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கலாம்.

10 டிசம்பர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "நிறுத்தினோம்" என்று எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரி வேண்டாம் என்றாள். அவர்கள் சொன்னார்கள், நிறுத்தியது நான். மாத்திரை அட்டையை அலமாரிக்கு மேலே, அவளுக்குக் கை எட்டாத இடத்தில் வைத்ததும் நான்.

12 டிசம்பர்

இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், அதனால் பொதுவில் சொல்கிறேன். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை. வாயில் ஸ்பூன், துணி எதையும் திணிக்காதீர்கள். பிடித்து அமுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மெதுவாக ஏதாவது வைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது, மெதுவாகக் குறைப்பதைக் கூட டாக்டர்தான் செய்யவேண்டும்.

"நீங்கள் விசுவாசக் குறைவில் பேசுகிறீர்கள்" என்று எழுதினவருக்கு: நெய்யூருக்குப் பஸ் ஏறி ஒருமுறை போய்ப் பாருங்கள். மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கியது. 1920-களில் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் என்ற டாக்டர், திரும்புகிற வழியில் அங்கே நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924-லும் ஒருமுறை எவரெஸ்டுக்குப் போய், உச்சிக்கு முந்நூறு மீட்டர் கீழே மூச்சு முட்டித் திரும்பியவர். அவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் இன்றைக்கும் உண்டு. நமக்கு வேதம் வந்தபோது கூடவே கத்தியும் குளோரோபாமும் வந்தது. ஜெபமும் மருந்தும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. என் பாட்டிக்குக் குடல் அறுவை அங்கேதான் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, உடனே கஞ்சி கேட்டாராம்.

26 டிசம்பர்

சுனாமி இருபது வருடம்.

2004-ல் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மணக்குடிப் பாலம் போய்விட்டது, கொட்டில்பாடு போய்விட்டது என்று கேட்டு நாங்கள் நாலு பேர் மண்வெட்டியோடு குளச்சல் போனோம். மண்வெட்டி எதற்கென்று போகும்போது தெரியாது. அன்றைக்குப் பார்த்தவற்றை எழுதப்போவதில்லை.

திரும்பி வரும்போது டீக்கடையில் கேட்டதை மட்டும் சொல்கிறேன். "கடற்கரைக்காரன் பண்ணின அநியாயத்துக்குத்தான்" என்றான் ஒருவன். அவனும் எங்கள் ஆள்தான், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறவன். நான் ஒன்றும் பேசவில்லை, டீயைக் குடித்தேன். இயேசுவிடமும் இதே மாதிரிக் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே திருப்பிக் கேட்டு, இல்லை என்கிறார். இது தெரிந்தும் டீயைக் குடித்தேன்.

பத்து வருடம் கழித்து ஐ.சி.யூ. வாசலில் என் மனசு என்னிடம் கேட்டது டீக்கடையில் அந்த ஆள் சொன்னதைத்தான். நீ என்ன பண்ணினாய், உன் மகளுக்கு வந்திருக்கிறது? அன்றைக்கு அவனுக்குப் பதில் சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு பதில் கையில் இருந்திருக்கும்.

1 ஜனவரி 2025

கொஞ்சம் சிரிக்கலாம். சி.எஸ்.ஐ.க்காரர்களுக்குத் தெரியும், ராத்திரி பன்னிரண்டு மணி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தக் கார்டு எடுப்போம், அந்த வருடத்துக்கு உன் வசனம் அதுதான். எங்கள் வீட்டில் எனக்கு ஒட்டகம் மாதிரி ஆசீர்வாதம் ஏற்றிய வசனம் வரும், மகளுக்கு எப்போதும் எரேமியா 29:11 வரும், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". மூன்றாவது முறையாக இந்த வருடமும் அதேதான். "அச்சடிக்கிறவங்க இதத்தான் நெறைய அடிக்காங்க போலப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அதற்கு முந்தின வசனத்தை வாசித்துக் காட்டினாள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் எழுபது வருடம் இருக்கமாட்டார்கள். "வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள்" என்று அவர்களுக்கு அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறது. அதைக் கார்டில் அடிக்கலாம். "2025-க்கான வாக்குத்தத்தம்: தோட்டம் போடு." நான் எடுக்கத் தயார்.

2 ஜனவரி

போடுவதற்கு மரச்சீனிக் கம்பு வாங்கிவிட்டேன்.

16 ஜனவரி

தேவசகாயம் திருநாளுக்கு மறுநாள் வீட்டுக்காரியோடு காற்றாடிமலை போய்வந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டாம், சுற்றிலும் காற்றாலைகள். ஆனால் மலைக்கு அந்தப் பெயர் அதற்கெல்லாம் முன்பே வந்தது.

கோயில் முகப்பில் கத்தோலிக்கர்களின் யூபிலி ஆண்டுக்கு "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று துணி கட்டியிருந்தார்கள். இதில்தான் எங்களுக்குள் பழைய வழக்கு ஒன்று மறுபடி கிளம்பியது. முதலாம் கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தில் நாங்கள் வாசிப்பது விசுவாசம், நம்பிக்கை, அன்பு. அவர்களுடைய திருவிவிலியத்தில் அதே இடத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. எங்களுக்கு இரண்டாவதாக வருகிற வார்த்தை அவர்களுக்கு முதலாவது. கல்யாணம் ஆன புதிதில் "எனக்கு நம்பிக்கை இல்ல" என்று அவள் ஒருநாள் அழ, ஏதோ நாளைக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறாள் என்று நான் தேற்றிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது கடவுளையே நம்பமுடியவில்லை என்று.

எதிர்நோக்கு என்பது புத்தகத் தமிழ், எதிர்பார்ப்பு என்று சொன்னால் போதாதா என்றேன். "அது வேற, இது வேற" என்றாள். "எதிர்பாத்தா இன்னது வேணும்னு பாப்போம், மோளுக்கு சொகமாவணும்னு. கெடைக்கலன்னா உடைஞ்சு போவோம். எதிர்நோக்குனா வாறவர பாத்து நிக்கது. அவரு கையில என்ன கொண்டு வாராருன்னு நமக்குத் தெரியாது."

அவள் சொன்னது சரி என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

19 ஜனவரி

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்கிறார். ஒரே வரி: "அண்ணியும் வருகிறவரைப் பார்த்துத்தான் நின்றாள் அண்ணே, ஏழு வருடம்."

மூன்று நாளாக இதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

8 பிப்ரவரி

காணாமல் போனவர் ஏழு வருடம் வரவில்லையென்றால் இறந்தவராகக் கருதலாம் என்று சட்டம் சொல்கிறது. ஒக்கியில் அரசு அவ்வளவு நாள் காக்கவைக்காமல் நிவாரணம் கொடுத்துவிட்டது, சரிதான், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்ட பெண்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் நானே கொன்ற மாதிரி என்று ஒருவர் சொன்னார். நம்பிக்கையே ஒரு வதையாக முடியும் என்று அப்போதுதான் கண்டேன். அதனால் தம்பி, வீட்டுக்காரியின் வார்த்தையை உங்கள் அண்ணிக்கு நான் எடுத்துச் சொல்லப்போவதில்லை. அது ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் தேடிக்கொண்டது, எங்கள் அளவுக்குத் தைத்த சட்டை. உங்கள் வீட்டு அளவு எனக்குத் தெரியாது.

யோபுவின் நண்பர்களைப் பற்றி மேலே கடுமையாக எழுதியிருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டேன். வாய் திறப்பதற்கு முன் ஏழு பகலும் ஏழு ராத்திரியும் அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊரில் துட்டி வீட்டுக்கு வந்து திண்ணையில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டுப் போவார்களே பெரியவர்கள், அப்படி. நான் இங்கே டிசம்பரிலிருந்து எத்தனை பக்கம் பேசியிருக்கிறேன் என்று மேலே ஏற்றிப் பார்த்தேன்.

23 மார்ச்

மகளுக்குப் பதினாலு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்தது. இன்று ஆலயத்தில், இரண்டாம் பாடத்தின்போது வலிப்பு வந்துவிட்டது. இரண்டரை நிமிடம். முன்பென்றால் பெஞ்சு காலியாகும். இன்று பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா சேலைத்தலைப்பைச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே வைத்தார், கொயர் பையன் ஒருவன் போனில் மணி பார்த்தான். எங்கே படித்தாய் என்றேன். "நீங்கதானே எழுதியிருந்தீங்க" என்றான். வீட்டில் வந்து மகள் தூங்கி எழுந்து, "பாட்டு எத்தனாவதுல விட்டோம்?" என்று கேட்டாள்.

ஏன் அவளுக்கு என்ற கேள்வி போகவில்லை. அலமாரி மேல் நான் வைத்த அட்டையும் போகவில்லை. நாளைக்கு ஜெபிக்கும்போது இரண்டையும் சொல்லுவேன்.

14 ஜூன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் தேங்காய்ப்பட்டணத்தில் போட்டுகள் கட்டிக்கிடக்கின்றன, கடையில் செட்டுகள் குவிகின்றன. இன்று ஒருவர் வந்தார், கூட ஒரு பையன். பெயர் சொல்லவில்லை. கையில் வைத்துப் பேசுகிற சின்ன செட் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "இந்தக் கடைதானா அண்ணே" என்றார். தெரிந்துவிட்டது.

பையன் அண்ணன் மகன். பத்தொன்பது வயது, தடை முடிந்ததும் முதல்முறையாகக் கடலுக்குப் போகிறானாம். அம்மா இரண்டு மாதம் பேசாமல் இருந்தாளாம். அப்புறம் ஒருநாள் அலமாரியைத் திறந்து, அப்பா கரையில் விட்டுப்போன இந்தப் பழைய செட்டை எடுத்துக் கொடுத்தாளாம், சரிபண்ணிக்கொண்டு போ என்று. அதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லையாம்.

மகள் கட்டஞ்சாயா வாங்கி வந்தாள். திறந்து பார்த்தேன். பேட்டரி முனையெல்லாம் துரு, ஒரு ஸ்பிரிங் உதிர்ந்திருந்தது. சுரண்டி, ஈயம் வைத்து, மூடினேன். அவர் யோபுவைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பையன்தான் இந்த செட் எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். போட்டில் சாட்டிலைட் போன் இருக்கிறதா என்று முதலாளியிடம் கேள், இல்லையென்றால் ஏறாதே என்றும் சொன்னேன். தலையாட்டினான். ரோட்டுக்கு அந்தப்பக்கம் தென்னையடியில் போய் நின்று பேசிப் பார்த்தான், என் மேசை செட்டில் இரைச்சல் இல்லாமல் கேட்டது.

காசு வாங்கியிருக்கமாட்டேன் என்று நினைப்பீர்கள். அறுபது ரூபாய் வாங்கினேன். கொடுக்காமல் போனால் அந்தப் பையனுக்கு ஒரு மாதிரியாக இருக்கும் என்று மகள் காதில் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஸ்ரீசித்ராவில் செக்கப், கடை இருக்காது. செட் கொடுத்தவர்கள் புதன்கிழமை வாருங்கள்.